பழனிக்கு நடந்த கறுப்புச் சட்டைகள்

நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அருள்புரத்தில் அறுபது தையல் மெஷின் ஓடும் பனியன் கம்பெனி. மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்ட பூமி அது; மண் கொட்டி மேடாக்கியது நான். அதை ஒட்டி ஒரு சாயப்பட்டறை. கரண்ட் கனெக்‌ஷன் கேட்டுப் போனபோது, "உங்க கையெழுத்து தாளுக்குத் தாள் மாறுதுங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து ஒரே மாதிரி எழுதிப் பழகி, மறுபடி போய்ப் போட்டுக் காட்டி வாங்கி வந்தேன். ஈரோட்டில் இரும்புக்கு எடைபோட வைத்திருந்த பாய்லரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, வெடிக்கும் என்று பயமுறுத்தியவர்கள் முன்னாலேயே நெருப்புப் போட்டு ஓட்டினேன். இரண்டு பெண்களையும் காலேஜ் அனுப்பினேன். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் ராக் வாசித்தவர்கள் மேடையில் போட்டுக்கொண்ட கறுப்புச் சட்டை, அந்தக் கறுப்பு, என்னுடையது. எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கறுப்பென்றால் அவமானம். அந்த ராக் வாசிக்கிறவர்கள் என்னிடம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி எடுக்கிற ஒரு பையர் என் கம்பெனிக்கு வந்திருந்தார். நான் நீட்டிய கறுப்புப் பனியனை வாங்கினார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, துணிமேல் வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தார். கைக்குட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. டீயைக் குடித்தார், கும்பிட்டார், போய்விட்டார். அந்த வாரமே ஊர் முழுக்கப் பேச்சு. "அவருகிட்ட வெள்ளை குடுங்க, மஞ்சள் குடுங்க, கறுப்பு மட்டும் குடுத்துறாதீங்க" என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். ஒரு சாயப்பட்டறைக்காரனுக்குக் கறுப்பு வராது என்பது, சமையல்காரனுக்குச் சோறு வராது என்பது மாதிரி. சாயம் இறங்காத கறுப்பு ஒன்றை எடுத்துக் காட்டாமல் இந்த ஊரில் நான் தலை நிமிர்த்தி நடக்க முடியாது என்ற நிலையில் இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பொங்கல் முடிந்த வாரம் ஒரு காலை, கம்பெனி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முடி தோள்வரைக்கும், சட்டை எல்லாம் கறுப்பு. கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் வாசித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர்கள். மூன்று தனித்தனிக் குழுக்கள், ஆனால் ஊரும் ஒன்று, அன்றைக்கு வேனும் ஒன்று. அடுத்த மாதக் கடைசியில் சென்னையில் மூன்று குழுவும் ஒரே மேடையில் வாசிக்கப் போகிறார்கள். வாசிக்கிறவர்களுக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளும் ரசிகர்களுக்குமாகச் சட்டை வேண்டும்.

அவர்களில் ஒல்லியாக இருந்த ஒரு தம்பி பெட்டியைத் திறந்து கிடாரை வெளியே எடுத்தான். பாலாடை நிறம். மேல் விளிம்பில் ஓர் அடி நீளத்துக்குச் சாம்பல் பூசினாற்போல் கறை.

"அங்கிள், இதைப் பாருங்க. போன ஷோவுல போட்டிருந்த டீ-ஷர்ட். ரெண்டு மணி நேரம் வேர்த்ததுல கலர் மொத்தமும் இவ மேல ஏறிடுச்சு. எதைப் போட்டுத் துடைச்சாலும் போக மாட்டேங்குது."

கிடாரை அவன் 'இவ' என்றதை நான் கவனித்தேன். என் பாய்லரை நானும் அப்படித்தான் சொல்வேன்.

"யாருகிட்ட வாங்குனீங்க கண்ணு?"

"எங்கயோ பிளாட்பாரத்துல. அத விடுங்க. உங்க பிளாக் போகாதில்ல? பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒருத்தர்கிட்ட விசாரிச்சோம். கறுப்புன்னா இந்த ஊர்ல நீங்கதான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"போகாதுங்க தம்பி" என்றேன். அப்போது என்னிடம் அப்படி ஒரு கறுப்பு கிடையாது.

சொன்னதற்குப் பிறகு உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். "என்ன வாசிக்கறீங்க?"

"மெட்டல், அங்கிள். ஹெவி மெட்டல்."

"அதுக்கு அனுப்பர்பாளையம் போயிருக்கோணும் தம்பி. பித்தளை, எவர்சில்வர் எல்லாம் அங்கதான்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன். பிறகு வேனிலிருந்த டேப்பில் போட்டுக் காட்டினார்கள். டீத் தட்டோடு வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்தத் தம்பிக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்களா? மொளகுப் பால் வெச்சுத் தரட்டுங்களா?"

இரண்டாவது குழுவின் தலைவர் கொஞ்சம் வயதானவர், பேங்கில் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசிப்பாராம். அவர்கள் பாட்டு மெதுவாக, ஒரே சோகமாகப் போனது. மூன்றாவது குழுவுக்கு ஒரு பெண்தான் தலைவி. தமிழில் பாடுகிறவள், கிடாரோடு தவிலும் சேர்த்து வாசிக்கிறார்கள். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவள்தான் சொன்னாள்.

"இவன் கத்துவான் சார். அவர் இங்கிலீஷ்ல அழுவார். நாங்க தமிழ்ல திட்டுவோம்."

"கத்துறதா? உன் தவில விடவா?" என்றான் கிடார்த் தம்பி.

"தவிலுக்கு சுருதி இருக்குடா. உனக்கு?"

பேங்க்காரர் யாருக்கும் பரிந்து பேசாமல் டீயை உறிஞ்சினார். யார் கடைசியில் வாசிப்பது, யார் பெயர் நோட்டீஸில் மேலே வருவது என்று எல்லாவற்றுக்கும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். சட்டை என்ன நிறம் என்று கேட்டபோது மட்டும் மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்: "பிளாக்."

எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. துணி தெரியும். அந்த அரை மணி நேரத்தில் நான் மூன்று பாட்டையும் துணியாகப் பிரித்துவிட்டேன். கத்துகிறவர்கள் குதிப்பார்கள், இழுப்பார்கள். அவர்களுக்குக் கனத்த துணி. அழுகிறவர் நின்ற இடத்தில் நிற்பார். அவருக்கு மெல்லிய துணி. தவில்காரருக்குக் கை ஓங்கி இறங்க வேண்டும். அக்குளில் ஒரு சிறு துண்டு கூடுதலாக வைத்துத் தைக்க வேண்டும். தவிலுக்கு டீ-ஷர்ட் தைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

எடையும் தையலும் எனக்குக் கைவந்த விஷயம். பிரச்சினை கறுப்பு ஒன்றுதான்.

என் சாய மாஸ்டர் தெற்கத்திக்காரர். திருநெல்வேலிப் பக்கம் சர்ச் கொயரில் சின்ன வயதில் கிடார் வாசித்தவர். அந்தப் பாலாடைக் கிடாரைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசே ஆறவில்லை. "அண்ணாச்சி, அத வாங்க அந்தப் பையன் எத்தன வருசம் காத்துக்கிடந்தானோ. நம்ம சாயம் அதுல ஒட்டிச்சுன்னா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது, சொல்லுதேன்" என்றார். சாயம் மாற்றினார், உப்பு மாற்றினார், சூடு மாற்றினார். நாலாவது நாள் ஒரு மாதிரித் துணியை லேபுக்கு அனுப்பினோம். வியர்வைப் பரிசோதனையில் பாஸ் என்று தாள் வந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. லேபில் வியர்வையைப் பாட்டிலில் கலக்குகிறார்கள். நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாட்டில் வியர்வைக்குக் கோபம் கிடையாது, பயம் கிடையாது, வெயில் கிடையாது. அந்தப் பையர் தேய்த்த பனியனுக்கும் லேப் பாஸ் தாள்தான் கொடுத்திருந்தது.

"மனுசன் வேர்வை வேணும் மாஸ்டர். நாள் பூரா வேர்க்கோணும்."

"அதுக்கு யாரப் புடிக்க, அண்ணாச்சி?"

அப்போது சன்னலுக்கு வெளியே பல்லடம் ரோட்டில் பச்சை வேட்டிக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். ஒவ்வொரு வருஷமும் எங்கள் சொந்தக்காரர்களும் கம்பெனி ஆட்களும் சேர்ந்து பன்னிரண்டு பேர் நடப்போம். என் மனைவியின் வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டவர்கள், முருகனைத் தவிர வேறு சாமி பேசமாட்டார்கள். காவடி அவர்கள் வீட்டு வழக்கம். மூன்று நாள் நடை. வெயில், தூசி, தோளில் காவடி. இதைவிட வேறு என்ன லேப் வேண்டும்?

பன்னிரண்டு சட்டை தைத்தோம். அச்சும் வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் மூன்று குழுக்களின் படத்தையும் நெஞ்சில் அடித்தோம். கத்துகிற குழுவின் பெயரை எழுத்து என்றே சொல்ல முடியாது, வேலிக்கருவை முள்ளை வெட்டிக் குவித்தது மாதிரி இருந்தது. என் மனைவி ஒன்றை விரித்துப் பார்த்தாள்.

"முருகனைப் பாக்கப் போறதுக்குக் கறுப்பாங்க? அதுவும் நெஞ்சுல முள்ளோட?"

"முள்ளில்ல, வேல். நல்லாப் பாரு, நூறு வேல் இருக்குது."

"பொய் சொன்னா அவன் கேப்பானுங்க."

"கறுப்பு நிக்கலேன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

கைக்குட்டை சாம்பலான அன்று நான் சாப்பிடாமல் படுத்ததை அவள் மறந்திருக்கவில்லை. "நானும் ஒண்ணு போட்டுக்கறேன். பாவம் வந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்று சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். மாஸ்டரும் புறப்பட்டார். "நான் கோயிலுக்கு வரல, அண்ணாச்சி. துணிக்குத் தொணையா வாரேன்" என்றார். வெள்ளைத் துண்டுகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார்.

நாங்கள் நடந்த அழகைச் சொல்ல வேண்டும். முன்னாலும் பின்னாலும் பச்சையும் காவியுமாகக் கூட்டம், நடுவில் நாங்கள் கன்னங்கரேலென்று. பல்லடம் தாண்டி ஒரு மோர்ப்பந்தல்காரர் எங்களை மறித்தே விட்டார்.

"ஏனுங்க சாமி, சபரிமலைக்கு வழி இது இல்லீங்களே? சீசனும் முடிஞ்சுபோச்சுங்களே?"

"பழனிக்குத்தானுங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க கறுப்பு?"

"வேண்டுதலுங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மாஸ்டர் மணிக்கொரு தரம் எங்களை நிறுத்தி, வெள்ளைத் துண்டால் கழுத்து, முதுகு, அக்குள் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகிறவர்கள், அவர் பக்தர்களுக்குப் பணிவிடை செய்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முதல் நாள் துண்டு வெள்ளையாகவே இருந்தது. இரண்டாம் நாள் உடுமலை தாண்டியும் வெள்ளை. வேட்டி இடுப்பில்கூடக் கறை இல்லை. நான் ரோட்டில் ஆடாத குறைதான்.

அன்று சாயங்காலம் கணியூரில் என் மைத்துனர் வீட்டில் தங்கினோம். காவடி எடுத்து வந்தவர்கள் அதை இறக்கி வைத்தார்கள். காவடித் தண்டில் தோள் படும் இடத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருப்போம். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினார்.

சாம்பல் நிறம். அந்தக் கைக்குட்டையின் அதே சாம்பல்.

உடம்பெல்லாம் நின்ற கறுப்பு தோளில் மட்டும் இறங்கியிருந்தது. கனம் அழுத்தி, வியர்வை ஊறி, அதே இடத்தில் நாள் முழுக்க உரசிய இடம். கிடாருக்கு வார் போட்டு மாட்டுவதும் அதே தோள்தான், உரசுவதும் அதே உரசல்தான். நான் மைத்துனர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊட்டுக்கு வந்தவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்தா எப்படிங்க மாப்ளே?" என்று மைத்துனர் சட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் பனியன் தொழிலில் இல்லாதவர், தறியை விட்டுவிட்டுக் கரும்பு விவசாயத்துக்குப் போனவர். "துணி வெண்ணெயாட்ட இருக்குதுங்களே! என்னத்தப் போட்டு இப்படி மெதுமெதுன்னு பண்றீங்க?"

மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "சாஃப்ட்னர்."

திருப்பூர்க்காரன் எவனும் இதைச் செய்யாமல் இருக்க மாட்டான். சாயம் போட்டு அலசிய பிறகு, துணி மெதுவாக இருப்பதற்கு ஒரு மருந்தில் முக்கி எடுப்போம். பையர் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கையால் தடவுவார். அதனால் கை போடும்போது வழுவழுவென்று இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. யாரும் கேட்காமலே போடுவோம். அந்த மெதுமைதான் கறுப்பைப் பிடியிலிருந்து நெகிழ்த்தி மேலே கொண்டுவந்துவிடுகிறது. அந்தப் பையர் அன்றைக்கு என் பனியனைத் தடவி நல்ல துணி என்றுதான் தலையாட்டினார், பிறகுதான் தேய்த்தார். என் கறுப்பைக் கெடுத்தது பையர் கைக்கு நான் காட்டிய மரியாதைதான்.

பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தேன். சாஃப்ட்னரை நிறுத்தினோம். கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் இரண்டு அலசல் கூடுதலாகப் போட்டோம். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று இன்றைக்குக் கேட்கிறார்கள்; அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை மறைக்க மாட்டேன். வந்த துணி முரடாக இருந்தது. தையல் செக்‌ஷனில் பெண்கள், "என்னங்க முதலாளி, சாக்குப் பையா தைக்கறோம்?" என்று சிரித்தார்கள். அதை ஆட்களின் தோளில் போட்டு, தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துணி சுற்றிய காவடித் தண்டால் நாள் முழுக்க மாற்றி மாற்றி உரச வைத்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

சட்டைகளை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மாஸ்டரும் சென்னைக்கு ரயிலேறினோம். மேடைக்குப் பின்னால் பேங்க்காரர் சட்டையைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"கொஞ்சம் ரஃப்பா இருக்கே சார்?"

"உங்க பாட்டு மெதுவா இருக்குதுங்க. சட்டையாவது முரடா இருக்கட்டும்" என்றேன். கிடார்த் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

மாலை நாலு மணிக்கே ஆரம்பித்தார்கள். மாசி மாதத்திலும் கடற்கரை ஊரின் புழுக்கத்தைக் கேட்க வேண்டுமா? அழுகிறவர் முதலில் வாசித்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அந்தப் பெண் பாடினாள், யாரையோ நிற்க வைத்துத் திட்டுகிற மாதிரி. தவில்காரரின் கை மேலே போனபோதெல்லாம் நான் அக்குளைத்தான் பார்த்தேன். ஒரு தையல் பிரியவில்லை. கடைசியில் கிடார்த் தம்பியின் குழு. அவன் குனிந்தான், நிமிர்ந்தான், தலைமுடியைச் சுழற்றினான், அந்தப் பாலாடைக் கிடாரை நெஞ்சோடு அணைத்து உரசினான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பாட்டு எனக்குக் காதில் ஏறவில்லை. என் இரண்டு வருஷமும் அந்தக் கிடாரின் விளிம்பில் இருந்தது.

முடித்துவிட்டு இறங்கினான். மாஸ்டர் வெள்ளைத் துண்டோடு தயாராக நின்றார். தம்பியே வாங்கி, பழைய கறை இருந்த இடத்தை விட்டுவிட்டு, புதிதாக உரசிய இடத்தை அழுத்தித் துடைத்தான். துண்டை விரித்துக் காட்டினான்.

வெள்ளை.

"அங்கிள்!" என்று என்னைக் கட்டிப் பிடித்தான். என் வெள்ளைச் சட்டையிலும் ஒன்றும் ஒட்டவில்லை, வியர்வையைத் தவிர. என் மனைவி அவனிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினாள். மிளகுப் பால். ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது.

அதற்கப்புறம் சென்னையில் வாசிக்கிற வேறு வேறு குழுக்களும் தேடி வந்தார்கள். வேகமாக வாசிக்கிறவர்கள், மேடையில் குடையைச் சுழற்றி ஆடுகிறவர்கள், முகத்தில் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறவர்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்கள்கூட என்னிடம் ஒரே துணியைத்தான் வாங்கினார்கள். பையர்களும் திரும்ப வந்தார்கள், அது வேறு கதை.

ஆனால் அந்த மூன்று குழுவும் சேர்ந்து ஒரு சிடி போட்டார்கள். என் சின்னப் பெண் அதிலிருந்த சின்னப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் நன்றி. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. வேன் டிரைவருக்கு நன்றி. கேன்டீன் காபிக்கு நன்றி. பேங்க்காரர் வீட்டு நாய்க்கு நன்றி. எனக்கு இல்லை. அதோடு, இங்கிலீஷ் பேப்பர் ஒன்றில் இவர்களைப் பற்றி எழுதியவர், 'சென்னைக் கறுப்பு' என்று ஒரு பேர் வேறு வைத்துவிட்டார். அந்த ஊரின் வெயிலிலும் கோபத்திலும் பிறந்த நிறமாம்.

கிடார்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், அது ஒரு அடையாளம் மாதிரி. ஃபீலிங்ல எழுதியிருக்காங்க."

"அடையாளம் இருக்கட்டும் கண்ணு. அட்ரஸ் தப்பா இருக்குதே?"

அடுத்த சிடியில் போட்டுவிடுவதாகச் சொன்னான். அடுத்த சிடி வரவில்லை. குழுக்கள் கலைந்தன, ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். இப்போது அந்தப் பழைய பாட்டுகளை மறுபடியும் வெளியிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதினேன்.

தம்பிகளே, அம்மணி, நன்றிப் பக்கத்தில் அந்த நாய்க்குக் கீழே இடம் இருக்கும். அங்கே ஒரு வரி போடுங்கள். கறுப்பு: அருள்புரம், திருப்பூர். சாயம் என் மாஸ்டர் போட்டது, அவர் பெயர் இரண்டாவதாக வரட்டும், எனக்கு வருத்தமில்லை. முதலில் என் பெயர் வர வேண்டும். எழுத்துப் பிழை இல்லாமல் வர வேண்டும்.